செம்பனையில் தாயைப் போலப் பிள்ளையா?



நன்றாகக் காய்க்கும் செம்பனையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை முளைக்க வைத்து, நம் சொந்த நிலத்தில் நட்டால் அதுவும் அப்படியே காய்க்குமா? ‘தாயைப் போலப் பிள்ளை’ என்று நட்டுவிட்டுக் கைசேதப்பட்டவர்கள் உண்டு.

முதலில் பட்டாணிச் செடியைப் பார்ப்போம். ப்ருன் நகர மடத்துத் துறவி கிரிகோர் மெண்டல் உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் தொலைந்தது என்றே நினைக்கத் தோன்றும். அவற்றைத் தமக்குள்ளேயே சேரவிட்டார். கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. 1866இல் இதை வெளியிட்டார். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு மரபணுக்கள் வருகின்றன. வெளியே தெரிவது ஓங்கு பண்பு. மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு. மறைந்ததே தவிர, அழியவில்லை.

இனிச் செம்பனைக்கு வருவோம். கொட்டையின் ஓடு தடித்திருந்தால் அது டூரா. ஓடே இல்லாவிட்டால் பிசிபெரா. இதன் குலைகள் பெரும்பாலும் பழுக்குமுன் அழுகிவிடும். டூரா தாய்க்குப் பிசிபெராவின் மகரந்தத்தைச் சேர்த்தால் பிறப்பது தெனெரா. இங்கே எந்தப் பண்பும் முழுமையாக ஓங்குவதில்லை. ஆகவே ஓடு மெல்லியதாகிறது, சதை கூடுகிறது, எண்ணெயும் கூடுகிறது. 1941இல் பெல்ஜியக் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் என்னும் இருவர் இதை விளக்கினர். தோட்டங்களில் நாம் காண்பது பெரும்பாலும் தெனெராதான்.

உதிர்ந்த பழத்துக்குத் தாய் தெனெரா. காற்றும் வண்டும் கொண்டுவந்த மகரந்தமும் அநேகமாகத் தெனெராவினுடையதே. நூறு கன்று வளர்த்தால் சுமார் 50 தெனெரா, 25 டூரா, 25 பிசிபெரா. நாற்றங்காலில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாண்டு உரமிட்டுக் களையெடுத்த பிறகுதான் கால்வாசி மரம் வீண் என்று தெரியவரும். செம்பனை இருபத்தைந்து ஆண்டு நிலத்தில் நிற்கும் மரம். சிறு நிலக்காரருக்கு இது சின்ன நட்டமா? 2013இல் மலேசிய ஆய்வாளர்கள் ஓட்டுக்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதன்பின் கன்றின் இலையைக் கொண்டே சோதிக்க முடிகிறது. என்றாலும் நம்பகமான நாற்றங்காலில் கன்று வாங்குவதே எளிது.

மாணவர்களே, உதிர்ந்த பழமொன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெல்லிய ஓட்டைச் சுற்றிச் சதையில் கறுத்த நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால், அது தெனெரா.