கடையில் தூங்கும் துப்பாக்கிகள்!
வாங்க ஆள் இல்லாமல் போவது ஏன்?

வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியுடன் நிற்கும் காவலாளியைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் அப்படி நிற்பவர்களில் பலர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். மர்பி டவுனுக்கு இது புதிய செய்தி அல்ல. பக்கத்தில், அல்சூர் ஏரிக்கரையில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இருக்கிறது.

அப்படி ஓய்வு பெற்ற ஒருவர் தம் சேமிப்பை எடுத்துக்கொண்டு துப்பாக்கி வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் புதிய மாடல்கள் பளபளக்கின்றன. அவர் கேட்பதோ பழைய 12 போர் துப்பாக்கி! ஏன்?

ரூ.1,22,360

2012-ல் டெல்லியில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன்பின் 2014 ஜனவரியில், கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கென்றே செய்யப்பட்டது என்று விளம்பரம். டைட்டானியம் கலந்த உலோகம். எடை அரைக் கிலோ. நகைப்பெட்டி போன்ற பெட்டி.

விலை? ரூ.1,22,360!

அன்று நம் நாட்டில் சராசரியாக ஒருவருடைய ஓராண்டு வருமானமே அந்த அளவு இல்லை. இரவு வேலை முடிந்து பஸ்சுக்குக் காத்திருக்கும் தொழிலாளிப் பெண் அதை எப்படி வாங்குவார்? யாருக்காகச் செய்யப்பட்டதாகச் சொன்னார்களோ, அவர்களுக்கு அது எட்டாக்கனி ஆனது.

முதலில் லைசென்சு

பணம் இருந்தால் மட்டும் போதாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. காரணம் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் வழக்கம்.

முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு 2 ஆகக் குறைந்தது. சட்டையைப் போல ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே வாங்குபவர் புது மாடலைச் சோதித்துப் பார்க்கத் துணிவதில்லை. ஊர் அறிந்த சரக்கையே தேடுகிறார்.

தோட்டா கிடைக்குமா?

ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் போன்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் நம் நாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் .32 அளவில் வருகின்றன. "இவ்வளவு விலை கொடுத்தும் வேகம் குறைவுதானே!" என்பது வாங்குவோர் மனக்குறை.

தோட்டாவுக்கும் லைசென்சில் கணக்கு உண்டு. அடுத்தது ரிப்பேர். உதிரி பாகம் கிடைக்காத துப்பாக்கி வெறும் இரும்புதான். 12 போர் துப்பாக்கியோ எளிய அமைப்பு. தோட்டாவும் பரவலாகக் கிடைக்கும். காவலாளி அதைக் கேட்பதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை

துப்பாக்கி தாராளமாக விற்கும் அமெரிக்காவிலும் கவிழ்ந்த மாடல்கள் உண்டு. 1980-களில் "பிரென் டென்" என்ற பிஸ்டல் வந்தது. டெலிவிஷன் தொடரில் கதாநாயகனே அதை ஏந்தினான். ஆனால் வாங்கியவர்களில் பலருக்குத் தோட்டா அடைக்கும் மேகசின் வந்து சேரவில்லை! மாப்பிள்ளை வந்தார், தாலி வரவில்லை என்ற கதைதான். கம்பெனி 1986-ல் திவாலானது.

2014-ல் ஜெர்மனியின் "ஆர்மாட்டிக்ஸ்" கம்பெனி ஓர் அதிசயத் துப்பாக்கியை அங்கே கொண்டுபோனது. சொந்தக்காரர் கையில் அதற்குரிய கடிகாரம் கட்டியிருந்தால்தான் அது சுடும். குழந்தை எடுத்தாலும் ஆபத்து இல்லை. நல்ல யோசனைதானே? ஆனால் விலை சுமார் 1,800 டாலர். இனி எல்லாத் துப்பாக்கியும் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்திவிடுமோ என்று பயந்தவர்கள் எதிர்ப்புக் கிளப்பினார்கள். விற்க முன்வந்த கடைக்காரர்களும் பின்வாங்கினார்கள். 2017-ல் ஒருவர் சில டாலர் மதிப்புள்ள காந்தங்களைக் கொண்டே அதன் பூட்டை ஏமாற்றிக் காட்டினார். அத்துடன் அதன் பெயர் கெட்டது.

பாடம் படித்தார்களா?

2021-ல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைகள் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன. அந்தக் கம்பெனி 2023 ஆகஸ்டில் "பிரபல்" என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. பழைய மாடலை நடுவில் ஒடித்துத்தான் தோட்டா போடவேண்டும். இதில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். வாங்குவோர் குறையைக் காதுகொடுத்துக் கேட்டதன் அடையாளம் இது.

பெட்டியின் அழகும் பெயரின் கம்பீரமும் சரக்கை விற்றுவிடாது. வாங்குபவரின் பை கனமா, அவசரத்துக்குத் தோட்டா கிடைக்குமா, பழுதானால் பார்க்க ஆள் உண்டா — இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

மர்பி டவுன் காவலாளிக்குத் துப்பாக்கி பெருமைப் பொருள் அல்ல. அது மாதச் சம்பளம். மகளின் கல்லூரிக் கட்டணம். அதனால்தான் புது மாடலைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். விலையைக் கேட்கிறார். பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுகிறார்!