ஆடாதோடைப் போத்து

ஆடும் தொடாத இலையுடைய ஆடாதோடையை, இருமற் கஷாயத்துக்கென நம்மவர் கடையிற் சருகாய் வாங்குதல் வியப்பே. வேலியோரம் ஒரு போத்து ஊன்றினாற் போதுமன்றோ?

இளந்தளிர் அழுகும், ஆதலின் சற்றே முற்றிய கிளையினின்று சாண் நீளம், 3 அல்லது 4 கணுக்கள் அமைய, அடிக்கணுவின் கீழே சாய்வாக வெட்டுவோம். கீழிலைகளைக் களைந்து, மேலிலைகளிற் பாதியை நறுக்கல் வேண்டும். வேரில்லாத் தண்டு நீர் உறிஞ்சுதல் அரிது. இலையோ அதனை ஆவியாக்கிக்கொண்டேயிருக்கும். போத்துகள் பல மடிவது இதனாலேயாம்.

மணல் கலந்த மண்ணில் இரு கணுக்கள் புதைய நட்டு நிழலில் வைப்போம். தலைகீழாய் ஊன்றலாகாது, வேரூக்கி தண்டின் அடிநோக்கியே இறங்கும். நாடோறும் பிடுங்கிப் பார்ப்பாரும் உளர். அவர்க்கு யாது சொல்வோம்! தளிர் கண்டதும் வேர் பிடித்ததெனக் கொள்ளற்க. தண்டின் சேமிப்பாலும் தளிர் வரும். மெல்ல இழுக்க, வாராது நிற்பின் வேருண்டு.

கருவுற்ற மகளிர்க்கு இவ்விலைக் கஷாயம் ஆகாது. இதிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும்.