கலத்தை அழைக்கும் விளக்கு

விளக்கேற்றுவோர் பலர், பிறர்க்கென விளக்கேற்றுவோர் சிலர். இவ்வுண்மையை இளங்கோவடிகள் சொல்லாமற் சொல்லும் இடமொன்று சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே உண்டு. கோவலனும் மாதவியும் இருள் நீங்காத வேளையிற் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். அங்கே எரியும் விளக்குகளை அடிகள் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, பரதவர் திமிலில் எரியும் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டவர் அணையாது வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு என அவ்வரிசை நீள்கின்றது. அவற்றிடையே ஒன்றாகக் கலங்கரை விளக்கத்தையும் வைக்கின்றார்.

வரிசையைச் சற்று ஊன்றி நோக்குவோமாயின் ஒன்று புலனாகும். ஏனைய விளக்குகள் யாவும் ஏற்றியவன் தன் தொழிலுக்கென ஏற்றியவை. கலங்கரை விளக்கம் ஒன்றே ஏற்றியவனுக்கு ஒளி தராதது. அது கரைக்கு முதுகு காட்டிக் கடலை நோக்கி நிற்கின்றது. இன்னும் வந்து சேராத, பெயரும் ஊரும் தெரியாத ஒருவனுக்காக எரிவது அவ்விளக்கு. இக்கருத்தைத் துணையாகக் கொண்டு, நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கே காரைதீவின் கோவளமுனையில் நிற்கும் வெளிச்சவீட்டின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

கரைதல் என்னும் சொல்

கலங்கரை விளக்கம் என்பதனைக் கலம், கரை, விளக்கம் எனப் பிரித்து, கலங்கள் சேரும் கரையிலுள்ள விளக்கம் என்று பொருள் கூறுவோர் உளர். கரை என்பதனை ஈண்டுப் பெயராகக் கொள்ளாது வினையாகக் கொள்ளுதலே சிறப்பு. கரைதல், அழைத்தல். கலத்தைக் கரைகின்ற விளக்கம், அஃதாவது கப்பலைக் கூவி அழைக்கும் விளக்கம் என்பதே பொருள். இதற்குச் சான்று பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைச் சொல்லுமிடத்து, ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தையும், கூரை வேயாத அதன் உச்சியில் இரவில் ஏற்றிய தீயையும், அத்தீ ஆழ்கடலில் ஓடும் கலங்களை அழைப்பதையும் கூறுகின்றார். அகநானூற்றிலே மதுரை மருதன் இளநாகனார், மாடத்து ஒளியைக் கண்டு இடமறிந்து கலத்தைச் செலுத்தும் மாலுமியை நீகான் என்னும் அரிய சொல்லாற் குறிக்கின்றார்.

கரைதல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது காக்கை. கிடைத்த உணவை மறையாது தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் அதன் இயல்பை வள்ளுவர் போற்றினார். விருந்தினர் வரவை அறிவித்த காக்கையைப் பாடி, அதனாலேயே காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார் நச்செள்ளையார். முற்றத்து வேம்பிலே காகம் கத்தினால் ‘ஆரோ வரப்போயினம்’ என்று அரிசியைக் கூடப் போடும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் அழிந்துவிடவில்லை. அந்த வினைச்சொல்லையே நம் முன்னோர் விளக்குக்கும் வைத்தனர். ஆகவே கலங்கரை விளக்கம் என்பது விருந்தோம்பற் சொல் என்க.

மேனாட்டார் இதற்கு வைத்த பெயரை ஒப்புநோக்குதல் இன்பந் தரும். எகிப்திலே அலெக்சாந்திரியாவுக்கு எதிரே பாரோசு என்றொரு சிறு தீவு இருந்தது. கடலில் இட்ட நீண்ட அணை ஒன்று அதனைக் கரையோடு இணைத்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அத்தீவில் எழுந்த மாபெரும் விளக்குக் கோபுரம் உலக அதிசயங்களுள் ஒன்றாயிற்று. தீவின் பெயரே பின்னர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் விளக்குக் கோபுரத்துக்குப் பொதுப்பெயராகிவிட்டது. அவர்கள் இடத்தாற் பெயரிட்டனர். தமிழர் செயலாற் பெயரிட்டனர்.

கோவளமும் ஊராத்துறையும்

நம் காரைதீவும் அவ்வாறே பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டோடு இணைந்த தீவு. கிழக்கிலங்கையிலும் காரைதீவு என ஓர் ஊர் இருத்தலின், மயக்கம் நீங்க இதனைக் காரைநகர் என வழங்குகின்றோம். நீருக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்குக் கோவளம் என்று பெயர். கடலோரங்களில் இப்பெயர் தாங்கிய இடங்கள் தமிழகத்திலும் கேரளத்திலும் உண்டு. ஆங்கிலேயர் வாயில் இக்கோவளம் ‘கோவிலன்’ ஆகி, அவர்தம் கடற்படங்களிலும் அவ்வாறே பதிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலி எப்படியோ, அப்படி நம் பரவைக்கடலுக்குத் தீவுகள். காரைதீவு, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என அவை பெருங்கடலின் அலையைத் தடுத்து நிற்கின்றன. காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள நீர்வழியே அவ்வேலியின் படலை. அப்படலையைக் கைக்கொண்டவரே யாழ்ப்பாணத்தையும் கைக்கொண்டனர். போர்த்துக்கேயர் அங்கே நீர்நடுவே கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேற்ஸ்’ என்னும் பெயரும் துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபே.

ஐரோப்பியர் வருகைக்கு முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே இத்துறை பேர்பெற்றிருந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசத்தார் ஊராத்துறையில் வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்று 12ஆம் நூற்றாண்டு மன்னனின் ஆணை கூறுகின்றது. அடுத்து வருவது நம்மைச் சிந்திக்க வைப்பது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

கலம் உடைதல் சட்டம் வகுக்க வேண்டிய அளவுக்கு வழக்கமான நிகழ்ச்சியாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும். கரையொதுங்கியது முழுவதும் கரைக்காரனுக்கே என்றிருந்த உலகத்தில், உடையவனுக்கும் பங்குண்டு என்றது அறத்தின் ஒரு படி. உடைந்த கலத்தைப் பங்கிடுவதிலும் உடையாமற் காப்பது உயர்ந்த படி. முதற்படி ஊராத்துறையின் பெயரால் நயினாதீவிற் கல்லெழுத்தாயிற்று. மற்றைய படி அத்துறைக்கு எதிர்க்கரையில் விளக்காயிற்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 750 ஆண்டுகள்.

1916

குடாநாடு மலையற்ற தட்டை நிலம். பகலில் வருபவனுக்குப் பனங்கூடலும் கோயிற் கோபுரமும் அடையாளம். இரவில் அவையும் இல்லை. பாக்குநீரிணையோ ஆழம் குறைந்தது. மணற்றிட்டும் பாரும் நிறைந்தது. வாடை வீசும் மாதங்களில் வடகரையை அணுகுதல் எத்துணை இடர் என்பதைத் தண்டையல்மார் அறிவர்.

பிரித்தானியர் ஆட்சியில் 1893இல் காங்கேசன்துறையில் ஒரு வெளிச்சவீடு எழுந்தது. பின்னர் 1916இல் குடாநாட்டு வடகரையின் இரு கோடிகளிலும் இரண்டு எழுந்தன. கிழக்கே பருத்தித்துறையில் ஏறத்தாழ 32 மீற்றர் உயரத்தில் ஒன்று. மேற்கே கோவளத்தில் ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்தில் மற்றொன்று. அது முதலாம் உலகப்போர் நடந்த காலம். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1914 செப்ரெம்பரில், எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னை மீது குண்டு பொழிந்து மறைந்தது. ‘அவன் ஒரு எம்டன்’ என்று நம்மவர் இன்றும் சொல்வது அக்கப்பலால் வந்த வழக்கு. உலகமெங்கும் கலங்களை அழித்துக்கொண்டிருந்த அந்நாளில், நம் கரையிலே கலங்களைக் காக்கும் இரு விளக்குகள் எழுந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்துணை உயரம் எற்றுக்கு? உலகம் உருண்டை ஆதலின். ஓராள் உயரத்தில் வைத்த விளக்கு, நீர்மட்டத்தில் இருப்பவன் கண்ணுக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்குள் அடிவானில் மறைந்துவிடும். அதே விளக்கை 30 மீற்றர் உயர்த்தினால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரை தெரியும். உருத்திரங்கண்ணனார் கண்ட மாடத்துக்கு ஏறுதற்கரிய உயரம் அமைந்ததும் இக்கணக்கினாலேயே. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1823இல் கோர்துவான் வெளிச்சவீட்டில் வைத்த கண்ணாடி வில்லை, சிதறும் ஒளியைத் திரட்டி ஒரு திசையில் அனுப்பக் கற்றுத் தந்தது.

ஒரு கரையில் விளக்குகள் பலவாயின் எது எவ்வூர் விளக்கென்று அறிவது எவ்வாறு? ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய கால அளவில் மின்னி மறையும். மாலுமி அதனை எண்ணி ஊரை அறிவான். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரை எனக் கொண்டு எழுத்தை அளந்தார் தொல்காப்பியர். கடலிலும் ஒளி மாத்திரை பெற்றுக் குறிலும் நெடிலுமாய்ப் பேசுகின்றது எனலாம்.

இவ்விளக்குகளைக் கண்டு சென்ற கலங்கள் பல. காரைதீவாரின் வத்தைகளும் வல்வெட்டித்துறையாரின் பாய்க்கப்பல்களும் இந்நீர்வழியை வீட்டு ஒழுங்கையெனப் பயின்றவை. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி, அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றிய பின்னர், 1938இல் அந்நாட்டின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதனைச் செலுத்தியவருள் வல்வைக் கடலோடிகளும் இருந்தனர். அவர்கள் பிறநாட்டுக் கரைகளை அணுகிய இரவுகளில், முன்பின் அறியாத எவனோ ஏற்றிய விளக்கே அவர்களுக்கும் வழிகாட்டிற்று.

வெளிச்சவீடு

எங்கள் கல்லூரியிலே பெரும்பாணாற்றுப்படைப் பாடம் நடந்த ஒருநாள், காரைநகரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “ஐயா, எங்கடை ஊரிலை இதை வெளிச்சவீடு எண்டுதானே சொல்லுறவை. சோதினையிலை அப்பிடி எழுதினால் பிழையோ?”

பிழையன்று என்றேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தமைத்தது வெளிச்சவீடு என்பது உண்மையே. ஆயினும் அமைத்தவர் கடலோடு வாழ்ந்த மக்கள், வழங்கியவரும் அவரே. கலங்கரை விளக்கம் கடலை நோக்கி நிற்பவன் சொல்லன்று, கரையில் நின்று அழைப்பவன் சொல். வெளிச்சவீடு கடலிலிருந்து கரையைப் பார்ப்பவன் சொல். அலையிற் கிடந்தவனுக்கு முதலிற் புலப்படுவது வெளிச்சம். அடுத்து நினைவில் எழுவது வீடு. அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் நான்காவதாக நம் நூலோர் வைத்ததும் வீடு. அதற்கு விடுதலை என்பது பொருள். புயலில் அகப்பட்டவனுக்கு அவ்விளக்கு இரு பொருளாலும் வீடே அன்றோ? ஏட்டுச் சொல்லை உயர்த்தி நாட்டுச் சொல்லைத் தாழ்த்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. இரண்டையும் மாணவர் எழுதுக; இரண்டின் பொருளையும் உணர்க.

அணைந்த விளக்குகள்

உள்நாட்டுப் போர்க்காலத்தில் காங்கேசன்துறை விளக்கு அணைந்தது. அதனைச் சூழ்ந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அக்காலத்து இரவுகளிற் கடலுக்குச் செல்வதற்கே தடையிருந்ததையும், நம் வீடுகளிற் குப்பிவிளக்கையும் மறைத்து வைத்ததையும் என் வயதினர் மறவார். வெளிச்சம் காப்பது என்றிருந்த நிலைமாறி, வெளிச்சம் காட்டிக்கொடுப்பது என்றாகிய காலம் அது.

எதிர்க்கரையிலே கோடியக்கரையில், சோழர் காலத்தது எனப் போற்றப்பட்ட பழைய விளக்குக் கட்டடம் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் அழிந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய பொன்னியின் செல்வனைப் படித்தோர், கோடியக்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலி தனியே படகு வலித்து ஈழக்கரைக்கு வந்ததை மறந்திருக்கமாட்டார்கள். அது கதை, எனினும் இரு கரைகளும் ஒன்றையொன்று அழைத்த உறவு கதையன்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளியின் பின் வந்த கலம் அது.

அதே கடலில் இன்று பூசலும் உண்டு. 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் வகுத்த எல்லைக்கோட்டைக் கடந்துவரும் இழுவைப்படகுகளால் நம் மீனவர் வலையும் வாழ்வும் அறுபடுகின்றன. எல்லை கடந்தோர் சிறைப்படுகின்றனர். அப்பூசலைத் தீர்ப்பது அரசுகளின் கடன். ஆயினும் விளக்கு, வருபவன் எக்கரையான் என்று வினவுவதில்லை. வழக்கை விடிந்தபின் பேசலாம். இரவில் முதலில் உயிர் கரைசேர வேண்டும்.

செய்மதி வழிகாட்ட, கைக்குள் அடங்கும் கருவி இடத்தைச் சொல்ல, இனி வெளிச்சவீடு எதற்கு என்பாரும் உளர். பெருங்கப்பலுக்கு அது வேண்டாததாகலாம். கருவி நனைந்து பழுதாக, இயந்திரம் நின்று, சிறு வள்ளத்தில் இருவர் மட்டும் தனித்திருக்கும் இரவில், கண்ணொன்றே போதுமான வழிகாட்டி கரையில் எரியும் விளக்கே. ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கோவளத்துத் தூபியைப் பேணுதல் அதனாலும் வேண்டற்பாலது. அது நம் மொழியிலுள்ள ஓர் அறத்துக்குக் கல்லாலான உரை என்பதனாலும் வேண்டற்பாலது.

நம் பழைய வீடுகளின் வாயிலிலே சங்கடப்படலை என்றொன்று இருந்தது. கூரையிட்டு, இருபுறமும் திண்ணை வைத்து, தண்ணீரும் வைத்திருப்பர். வழிப்போக்கன் வீட்டாரைக் கேளாமலே அமர்ந்து இளைப்பாறிச் செல்வான். அவன் யாரென்று வீட்டாரும் கேளார். கடலுக்கு நாம் வைத்த சங்கடப்படலையே வெளிச்சவீடு. கசூரினாக் கடற்கரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அங்கிருந்து கோவளமுனையையும் காட்டி, கரைதல் என்னும் சொல்லின் பொருளை அவ்விடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்களாக.