தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் ஆய்வுகளின் தாக்கமும்

தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை சேத்துப்பட்டில் உள்ளது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து இதைத் தொடங்கின. அப்போதைய பெயர் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். ஆய்வு நிறுவனங்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் மேற்கோள்களாலும் மதிப்பிடுவது வழக்கம். இந்த நிறுவனத்துக்கு அந்த அளவுகோல் போதாது. இதன் முதல் ஆய்வே உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானட்டோரியம்தான். தாம்பரத்தில் 1928-இல் அமைந்த சானட்டோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையப் பெயராக நிற்கிறது. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு ஆகியவையே மருந்து என நம்பினர். ஆனால் நோயாளிகள் பல லட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. சுந்தரபாண்டியம் போன்ற ஊரின் கூலித் தொழிலாளி வேலையையும் குடும்பத்தையும் விட்டு ஓராண்டு எங்கே போய்ப் படுப்பார்?

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில், மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளில், அதே ஐசோனியாசிட், பாஸ் மருந்துகளை 12 மாதம் உண்டனர். சானட்டோரியத்தில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் மிகுதி. உடல் எடையும் கூடுதலாக ஏறியது. இருந்தும் குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் கூடவில்லை என்பது தொடர் கண்காணிப்பில் தெரிந்தது. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவுகள் வெளியாயின. காசநோய்ச் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பியது.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்பது அடுத்த கேள்வி. வாரம் இருமுறை, பணியாளர் கண்முன் தரப்படும் மருந்தும் பயனளிக்கும் என 1964-இல் காட்டினர். பின்னாளில் உலகம் 'டாட்ஸ்' என்று அறிந்த முறைக்கு இதுவும் ஓர் அடிப்படை. இந்தியாவில் இப்போது தினசரி மருந்து திரும்பி வந்துவிட்டது என்பது வேறு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு விரும்பிய விடையைத் தரவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின்னும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுப்பதாகத் தெரியவில்லை. அந்த முடிவையும் மறைக்காமல் 1999-இல் வெளியிட்டனர். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்களைத் தடுக்க, பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது.