கரண்ட் வைப்பீங்களா, மேடம்?

பக்கவாதம் வந்தவர் வீட்டில் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நாலரை வருஷம் பி.பி.டி., அதற்கு மேல் 2 வருஷம் நரம்பியலில் எம்.பி.டி. படித்தவள் நான். ஆனாலும் பிசியோ என்றால் கரண்ட் வைக்கிறவர்! கரண்டுக்கும் ஓர் இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பழுது கையில் இல்லையே. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, கையை இயக்கும் பகுதி கெட்டிருக்கிறது. செத்த செல்கள் திரும்பாது. மிச்சமிருக்கும் பகுதிகள்தான் அந்த வேலையைப் பழக வேண்டும். முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும். அந்த மாதங்களைப் புறா ரத்தம் தடவியே கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அடுத்தது, பந்து. 'அமுக்குப்பா, அமுக்கு' என்று கையில் திணித்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தக் கைக்கு மடங்குவது தானாகவே வந்துவிடும், விரிவதுதான் வராது. டம்ளரைப் பிடித்துவிடுவார்கள், விட முடியாது. அதனால் நான் பந்தை எடுத்து வைத்துவிட்டு டம்ளரைக் கொடுப்பேன்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரிடம், "முதல்ல என்ன செய்ய வரணும்னு நினைக்கிறீங்க, ஐயா?" என்றேன். நடக்கணும் என்பார் என்று எதிர்பார்த்தேன். "கைலியை நானே கட்டணும்மா. மருமக முன்னாடி கூச்சமா இருக்கு" என்றார்.

கைலி கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு கை துணியை இடுப்போடு அழுத்திக்கொள்ள, மறு கை இழுத்து மடித்துச் செருக வேண்டும். எழுந்து நிற்பதில் ஆரம்பித்தோம். நாற்காலி நுனிக்கு வந்து, வாதம் வந்த காலை நல்ல காலுக்குச் சற்றுப் பின்னால் வைக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் பாரத்தையெல்லாம் நல்ல கால் வாங்கிக்கொள்ளும். மூக்கு கால்விரலைத் தாண்டுகிற மாதிரி முன்னால் சாய்ந்தால் இடுப்பு மேலே கிளம்பும். கடைசியில் கைலி நின்றது, கொஞ்சம் கோணலாக. வாதக் கை துணியை அழுத்திப் பிடிப்பதோடு சரி. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நல்ல கை எப்போதும் முந்திக்கொள்ளும். அதற்கு ஒரு கையுறையை மாட்டிக் கட்டிப்போடும் முறையை வகுத்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். 222 பேரிடம் 2 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. வாதக் கையின் உபயோகம் கூடியிருந்தது. ஆனால், மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் இது.

வீட்டாருக்கே கற்றுக்கொடுத்தால் போதாதா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை. எனக்கு ஆச்சரியமில்லை. வீட்டார் பாவம், ஊட்டிவிடுவார்கள், சட்டை மாட்டிவிடுவார்கள். அவர் செய்ய எதுவுமே மிஞ்சாது.

ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்வேன்: வாதக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோளைப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்திருக்கும், மூட்டு இறங்கிவிடும். அந்த வலியால் பயிற்சியே நின்றுபோகும். இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லையா, பழைய துண்டு போதும்.