வகுப்பறையை ஆளும் உவமைகள்

பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963இல், தொழிலாளர்கள் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் திட்டம் ஒன்று நடந்தது. அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே பாடம் தொடங்கியது. நடத்தியவர் பாவ்லோ ஃப்ரேய்ரே. மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் சிறைப்பட்டார். பிறகு நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. சிலியில் இருந்தபோது எழுதிய நூலில், வழக்கமான வகுப்பறையை அவர் வங்கிக்கு ஒப்பிட்டார். ஆசிரியர் பணம் போடுகிறார்; போட்டதைப் பத்திரமாக வைத்திருப்பது மட்டுமே மாணவரின் வேலை.

எந்த உவமையை நம்புகிறோமோ, அதற்கேற்பத்தான் பாடம் நடத்துகிறோம்.

1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் இன்னொரு உவமையைத் தந்தார்கள்: கட்டடம் கட்டும்போது எழுப்பும் சாரம். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை இணைத்துப் பிரமிடு கட்டுவதை அவர்கள் ஆராய்ந்தார்கள். குழந்தை திணறும் இடத்தில் மட்டும் கைகொடுத்து, தேறியதும் விலகிக்கொள்வதே நல்ல உதவி என்றார்கள். ஆசிரியர் எப்போது ஒதுங்க வேண்டும் என்பதை வங்கி கேட்பதே இல்லை, சாரம் கேட்கிறது.

கற்பித்தலை இப்படி உவமையால் சிந்திப்பது தமிழில் பழையது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்துக்குள் நுழையுமுன் பொதுப்பாயிரத்தில் கற்பித்தலைப் பேசுகிறது. புல்லை வயிறார மேய்ந்து, ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசு முதல் மாணாக்கர். சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளி இடைத்தரம். ஓட்டைக் குடமும், நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் நெய்யரியும் கடைத்தரம்.

மாணவருக்கு முன்பே ஆசிரியரையும் அது எடைபோட்டுவிடுகிறது. நல்லாசிரியர் நிலம், மலை, துலாக்கோல், மலர் போன்றவர். ஆகாத ஆசிரியரோ, கழற்காய் நிரப்பிய குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் காய் வராது. அல்லது மட்டை சூழ்ந்த பனை. ஏறிப் பறிக்க முடியாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் குறை இரு பக்கமும் இருக்கலாம் என்று சொல்லும் நேர்மை இது.

குடத்தைச் சொன்ன நன்னூல் குடத்தோடு நின்றுவிடவும் இல்லை. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் கற்பவரோடு பழகும்போது இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறது. மாணவர்கள் தங்களுக்குள் விவாதிக்கவும், எழுந்து நின்று பாடம் எடுக்கவும் கால அட்டவணையில் இடம் ஒதுக்கும் பள்ளிகள், அந்த முக்கால் பங்கைத்தான் பிள்ளைகளுக்குத் தருகின்றன.