தோம்பில் எழுதிய சமயம்: ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம் பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தை மனச்சாட்சியின் விடுதலையாகச் சித்திரிப்பது வரலாற்று நூல்களில் நாம் பெரிதுங் காணும் வழக்கம். ஆயின் அரசே முன்னின்று நடத்திய சீர்திருத்தங்களைத் தனியே நோக்குமிடத்து வேறொரு வினா எழுகின்றது. கத்தோலிக்கராக இருந்த ஒரு மக்கட் கூட்டத்தினரை ஆணையினாற் புரட்டஸ்தாந்தராக்க இயலுமா? இயலுமெனின் எத்தகைய சமூக நிலைமைகளில்? இவ்வினாவை ஆராய்வதற்கு 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணம் தக்கதொரு களமாகும்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நாற்பதாண்டு காலத்தில் அதன் குடிகளிற் பெரும்பாலாரைப் பெயரளவிலேனும் கத்தோலிக்கராக்கினர். 1658 யூனில் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே ஆண்டு செப்டெம்பர் 19ஆம் நாட் பிரகடனம், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரணதண்டனை விதித்தது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் உடைமையாயின. அக்காலத்தில் அங்குப் பணியாற்றிய பால்தேயு பாதிரியார், 1663இல் 62,000க்கு மேற்பட்ட கிறிஸ்தவர்களைக் கணக்கிட்டார். விரல்விட்டு எண்ணத்தக்க போதகர்கள் ஐந்தாண்டுகளுள் இத்தனை உள்ளங்களை மாற்றினர் என்பது நம்பத்தக்கதன்று. முன்னைய ஆட்சியின் கிறிஸ்தவர்களே புதிய ஆட்சியின் ஏட்டிற்கு மாற்றப்பட்டனர்.

அம்மாற்றத்தின் பொறிமுறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலோடு பாடசாலையும் இயங்கிற்று. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் செலுத்தினர். சட்டாம்பியார் கற்பித்ததோடு பள்ளித் தோம்பையும் பேணினார். ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்பட்டன. பதியப்படாத விவாகத்திற்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. எனவே அதன்வழிப் பிறந்தோரின் முதுசொ உரிமையும் ஐயத்துக்குள்ளாகும். முதலியார் முதலான உத்தியோகங்களும் திருச்சபை உறுப்பினர்க்கே உரியனவாயின. ஆகவே கத்தோலிக்கரும் சைவரும் ஒல்லாந்தர் கோயிலிற் பெயர் பதிந்துவிட்டு, தத்தம் சடங்குகளை வீட்டில் மறைவாக நடத்தினர். நிலத் தோம்பு காணியை எழுதியது போன்று பள்ளித் தோம்பு சமயத்தை எழுதிற்று.

இங்கிலாந்தோடு ஒப்பிடுகையில் இதன் பலவீனம் தெளிவாகும். அங்கு 1536–1540 காலத்தில் மடாலயங்கள் கலைக்கப்பட்டு, அவற்றின் நிலங்கள் நிலக்கிழார் கைக்கும் வணிகர் கைக்கும் மாறின. சீர்திருத்தம் நிலைப்பதில் நலன் கொண்ட ஒரு வர்க்கம் இவ்வாறு உருவாயிற்று. 1553இல் அரியணையேறிய கத்தோலிக்க மேரி அரசியாலும் அந்நிலங்களை மீட்க இயலவில்லை. யாழ்ப்பாணத்திலோ கொம்பனி கோயில்களைக் கைப்பற்றியதேயன்றி நில உறவுகளிற் கைவைக்கவில்லை. மாறாக, 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்துப் பன்னிரு முதலியார்கள் ஒப்புதல் அளித்த தேசவழமை, சீதனம், முதுசொம், தேடியதேட்டம் ஆகியவற்றோடு அடிமைகள்மீதான உரிமையையும் எழுத்திற் பொறித்தது. யானை வணிகத்திற்கும் வரி அறவீட்டிற்கும் உள்ளூர் மேலோரின் ஒத்துழைப்பு கொம்பனிக்கு இன்றியமையாததாயிற்று. சாதியமைப்பைத் தீண்டாத சீர்திருத்தம், அவ்வமைப்பின்மேற் பூசிய சாயமாகவே எஞ்சிற்று.

எதிர்ப்பும் இருந்தது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். 1689 நத்தார்க் காலத்திற் கத்தோலிக்கர் பலர் கைதாயினர். பின்னர் அவர், ஊவாவையும் உள்ளடக்கிய கண்டி இராச்சியத்திற் புகலடைந்தார். புரட்டஸ்தாந்த வல்லரசிடமிருந்து கத்தோலிக்கரைக் காத்தது ஒரு பௌத்த அரசு என்பது சமயத்தினும் அரசியல் நலனே மேலோங்கியதைக் காட்டும். இலக்கியத்திலும் இம்முரண் பிரதிபலித்தது. கொம்பனியின் கொழும்பு அச்சகம் 1759இல் பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அச்சுவசதியற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் ஆக்கங்களோ ஏட்டுச்சுவடிகளாகப் பரவின. அவருடைய வியாகுலப் பிரசங்கம் தபசு காலத்தில் மக்கள் கூடிக் கேட்கும் நூலாக நிலைபெற்றது. அச்சு அரசிடமும் குரல் மக்களிடமும் இருந்தன எனலாம்.

1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் கத்தோலிக்கர்மீதான தடைகள் நீங்கின. பதிவு தந்த பயன் மறைந்ததும் பதிவுக் கிறிஸ்தவமும் கரைந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தரின் பழங்கோயிற் கட்டடங்களையே தம் நிலையங்களாக்கிக்கொண்டனர். எனினும், கோயிற்பற்றுதோறும் பாடசாலை என்ற அமைப்பையும் 1690இல் நல்லூரில் நிறுவப்பட்ட குருமடத்தையும் நாம் புறக்கணித்தலாகாது. ஆள்வோரின் தேவைக்காகத் தோன்றிய கல்வி, அத்தேவையைக் கடந்தும் பயன் தரவல்லது.

இவ்வரலாறு அப்புத்தளை போன்ற தோட்டப் பகுதிகளில் வாழ்வோர்க்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் இலங்கைப் பிறப்பை நிறுவுமாறு நம் தொழிலாளரைக் கேட்டது. செக்றோலில் நாள்தோறும் பெயர் எழுதப்பட்டவர்கள் பிறப்புப் பதிவின்மையால் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒல்லாந்தரின் தோம்பு நம்பாதவரையும் விசுவாசியென எழுதிற்று; சுதந்திர இலங்கையின் சட்டமோ இம்மண்ணில் உழைத்தவரை அந்நியரென எழுதிற்று. அரசின் ஏட்டை மக்களின் வரலாறாகக் கொள்ளும் ஆய்வாளர் இரண்டையும் அவ்வாறே நம்பநேரும். அந்த ஏட்டினால் யார் எதனைப் பெற்றனர், யார் எதனை இழந்தனர் என்று வினவுவதிலிருந்தே நமது ஆய்வு தொடங்குதல் வேண்டும்.